கடிகாரம் பிசகினால் சான்றிதழ் காலாவதி

கணினியில் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, பக்கத்துக்குப் பதிலாக அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்ற எச்சரிக்கை வருவதுண்டு. எப்போதோ ஒரு தளத்தில் ஒரு முறை வந்து மறைந்தால், அந்தத் தளத்தை நடத்துபவர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார். வங்கி, மின்னஞ்சல், செய்தித்தாள் என்று எதைத் திறந்தாலும் வந்தால், இன்று சரிசெய்தும் நாளைக் காலை மறுபடி வந்தால், கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதிலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது கணினியின் கடிகாரத்தை.

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் 1980கள் முதல் ஈழத்தமிழர்கள் குடியேறி வாழ்கிறார்கள். வதிவிட அனுமதி விண்ணப்பம், சுகாதார அட்டை, ஓய்வூதியக் கணக்கு, யாழ்ப்பாணத்து உறவினருக்கு அனுப்பும் பணம் போன்ற பலவற்றுக்கு இன்று இணையம் தேவைப்படுகிறது. பலெர்மோவையும் கொழும்பையும் சென்னையையும் ஒரே கடலடிக் கேபிள் இணைக்கிறது. 2005 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்த சீ-மீ-வீ 4 என்ற அந்தக் கேபிள் ஏறத்தாழ 18,800 கிலோமீட்டர் நீளமுடையது. அவ்வளவு தொலைவு கடந்து பேசும் இரண்டு கணினிகளில் எதிரே இருப்பது உண்மையான வங்கிதானா என்று காட்டுவது சான்றிதழ். ஆகவே அதைப் பற்றிய எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மேலே போகக் கூடாது. அது ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சான்றிதழில் எழுதியிருப்பது

பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு சிறிய கோப்பு. தளத்தின் பெயர், அந்தத் தளத்தின் பொதுத் திறவுகோல், சான்றளித்த நிறுவனத்தின் பெயர், அந்நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். கூடவே இரண்டு தேதிகள் இருக்கும்: எந்த நொடியிலிருந்து செல்லும், எந்த நொடி வரை செல்லும். இந்த அமைப்பை வகுத்த எக்ஸ்.509 என்ற தரம் 1988-இல் வெளியானது. அதன் மூன்றாம் பதிப்பே இன்றுவரை புழக்கத்தில் உள்ளது.

முடிவுத் தேதி வெறும் சடங்கு அல்ல. ஒரு தளத்தின் பெயர் கைமாறலாம். பொதுத் திறவுகோலோடு இணைந்த இரகசியத் திறவுகோல் திருடு போகலாம். திருடு போன திறவுகோலுக்குரிய சான்றிதழை நிறுவனம் இரத்து செய்து பட்டியலில் சேர்க்கும். ஆனால் இரத்துப் பட்டியலில் ஒரு சான்றிதழை அதன் ஆயுள் முடியும்வரைதான் வைத்திருப்பார்கள். ஆயுள் முடிந்த பிறகு அந்தச் சான்றிதழ் நல்லதா கெட்டதா என்று உறுதி சொல்ல யாரும் பொறுப்பில்லை. மருந்துப் பட்டையில் அச்சிட்ட தேதி கடந்தால் மருந்து அன்றே நஞ்சாவதில்லை. ஆனால் அதற்குமேல் உற்பத்தியாளரின் உத்தரவாதம் இல்லை. சான்றிதழின் நிலையும் அதுதான்.

ஆயுள் குறையக் குறைய, திருடப்பட்ட திறவுகோலால் விளையும் கேடும் குறையும். அதனால் சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் தயாரிப்பாளர்களும் சேர்ந்த மன்றம் ஆயுளைப் படிப்படியாகச் சுருக்கி வருகிறது. 2018 மார்ச் முதல் அதிகபட்சம் 825 நாள். 2020 செப்டம்பர் முதல் 398 நாள். 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனம் 2015-இல் பொதுச் சேவையைத் தொடங்கியபோதே 90 நாள் ஆயுளைத் தேர்ந்தெடுத்தது. இந்தக் கணக்கு வீட்டுக் கணினியையும் தொடும். மூன்று ஆண்டு செல்லும் சான்றிதழ்கள் இருந்த காலத்தில், கடிகாரம் சில மாதங்கள் பிசகியிருந்தாலும் பல தளங்கள் திறந்திருக்கும். ஆயுள் 47 நாளாகும்போது, இரண்டு மாதம் பிசகிய கடிகாரத்தோடு ஏறக்குறைய எந்தத் தளமும் திறக்காது.

முதல் கேள்வி: எத்தனை தளங்கள்?

பிரவுசர் செய்யும் சோதனை எளிமையானது. சான்றிதழின் இரு தேதிகளுக்கும் நடுவே கணினியின் தற்போதைய நேரம் விழுகிறதா என்று பார்க்கிறது. விழாவிட்டால் எச்சரிக்கிறது. கணினியின் நேரம் பின்தங்கியிருந்தால் சான்றிதழ் இன்னும் பிறக்காதது போலத் தெரியும். முந்தியிருந்தால் இறந்தது போலத் தெரியும். குரோம் பிரவுசர் இரண்டுக்கும் ஒரே பிழைக் குறியீட்டைத் தருகிறது. அதனால் பின்தங்கிய கடிகாரம் காட்டும் பிழையையும் மக்கள் “காலாவதி” என்றே சொல்கிறார்கள்.

ஆக, தவறு மூன்று இடங்களில் இருக்கலாம்: தளத்தின் சான்றிதழில், கணினியின் கடிகாரத்தில், அல்லது எந்த நிறுவனங்களை நம்பலாம் என்று கணினி வைத்திருக்கும் பட்டியலில். எது என்று பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, தொடர்பில்லாத நான்கைந்து தளங்களைத் திறந்து பார்ப்பது. எல்லாவற்றிலும் பிழை வந்தால் கணினியில் கோளாறு. ஒன்றில் மட்டும் வந்தால் அந்தத் தளத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு, அதே தளத்தைக் கைபேசியில், வீட்டு வைஃபையை அணைத்து, கைபேசி நிறுவனத்தின் இணைப்பில் திறப்பது. கைபேசியில் திறந்து கணினியில் திறக்காவிட்டால் தளத்தின் மீது பழி போட இடமில்லை.

2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஓராண்டில் குரோம் பிரவுசரிலிருந்து திரட்டிய 30 கோடிக்கும் அதிகமான சான்றிதழ்ப் பிழை அறிக்கைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட பிழைகளுக்குக் காரணம் தளங்கள் அல்ல. பயனரின் கணினியோ, அது இருந்த வலையமைப்போதான். கணினிக் கடிகாரம் தவறாக ஓடுவது அவற்றுள் முக்கியமான காரணம். குரோம் இப்போது கடிகாரத்தைச் சந்தேகித்தால் அதற்கெனத் தனிப் பக்கத்தையே காட்டுகிறது.

மதர்போர்டில் ஒரு சின்னக் கடிகாரம்

கணினியை அணைத்தாலும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மதர்போர்டில் உள்ள ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். மின்சுற்றுக்கு இதைவிட எளிய கணக்கு இல்லை. கைக்கடிகாரங்களிலும் இதே படிகம்தான். பத்து இலட்சத்தில் 20 பங்கு என்ற அளவில் இது பிசகினால் நாளொன்றுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் விலகும். இந்த விலகலால் எந்தச் சான்றிதழும் காலாவதியாகாது.

கோளாறு படிகத்தில் இல்லை. அதற்கு மின்சாரம் தரும் பேட்டரியில் இருக்கிறது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். இதன் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி. கடிகாரச் சுற்று 5 மைக்ரோ ஆம்பியர் இழுத்தால் 44,000 மணிநேரம், அதாவது ஐந்து ஆண்டு தாங்கும்.

சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, அணைத்த கணினியும் அதிலிருந்தே கடிகாரத்துக்குச் சிறிது மின்னோட்டம் எடுத்துக்கொள்ளும், பேட்டரி செலவாவதில்லை. ஆனால் இத்தாலிய வீடுகளில் வழக்கமான மின் ஒப்பந்தம் 3 கிலோவாட்தான். சலவை இயந்திரமும் மின்னடுப்பும் சேர்ந்து ஓடினால் மீட்டர் விழுந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் மின்பொருள்களை அணைத்துவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கணினியும் திரையும் அச்சுப்பொறியும் செருகியிருக்கும் நீளமான பல்செருகிப் பலகையை இத்தாலியர் “ச்சபாத்தா” என்கிறார்கள். செருப்பு என்று பொருள். இரவில் அந்தப் பலகையின் பொத்தானை அணைத்தால் கணினிக்கு வரும் மின்சாரம் முற்றாக நிற்கும். அந்த மணிநேரங்கள் முழுவதும் பேட்டரியின் கணக்கில் சேரும்.

பேட்டரி தீர்ந்துபோனால் இரவில் படிகம் நிற்கும். காலையில் கணினி விழித்ததும் தொழிற்சாலையில் பதித்த ஏதோ ஒரு தேதியிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு கணினியில் அது 2000 ஜனவரி 1 ஆகலாம், இன்னொன்றில் மதர்போர்டு தயாரான ஆண்டாகலாம். அந்தத் தேதியை வைத்துப் பார்த்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் வருங்காலத்தவை. நேரத்தைக் கையால் திருத்தினால் பகல் முழுவதும் எல்லாத் தளங்களும் திறக்கும். மறுநாள் காலை மறுபடி அதே எச்சரிக்கை. கோளாறு திரும்பத் திரும்ப வருவதன் இரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இதை உறுதிசெய்யவும் வழி உண்டு. இரவில் கணினியை முறையாக அணைத்து, செருகியைக் கழற்றி வைக்க வேண்டும். காலையில் மின்சாரம் கொடுத்ததும், விண்டோஸ் தொடங்கும் முன்பே, டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குப் போக வேண்டும். அங்கே தெரியும் நேரம் இணையத்தால் இன்னும் திருத்தப்படாத நேரம். அது பின்தங்கியிருந்தால் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம்.

பேட்டரியை மாற்றுதல்

முதலில் பயாஸ் திரையில் உள்ள அமைப்புகளைக் கைபேசியில் படம் எடுத்துவைப்பது நல்லது. வட்டில் பிட்லாக்கர் என்ற பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் அமைப்புகள் மாறி, கணினி அந்தக் குறியீட்டைக் கேட்கக்கூடும். பிறகு கணினியை அணைத்து, செருகியைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால் உடலில் உள்ள நிலைமின்சாரமும் போகும். பேட்டரியைப் பிடித்திருக்கும் கொக்கியை விரலால் தள்ளினால் அது மேலே எழும்பும். புதியதை, கூட்டல் குறியும் எழுத்துகளும் உள்ள பக்கம் மேலே தெரியும்படி வைத்து அழுத்தினால் போதும்.

மடிக்கணினிகளில் இந்தப் பேட்டரி பெரும்பாலும் கம்பியும் இணைப்பியும் கொண்ட சிறு பொட்டலமாக உள்ளே ஒளிந்திருக்கும். சிலவற்றில் அது தனியாக இல்லை. பெரிய பேட்டரியே கடிகாரத்தையும் ஓட்டும். இவற்றைத் திறப்பதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே மேல்.

கழற்றிய பழைய பேட்டரியை மேசையில் விட்டுவிடக் கூடாது. சிறு குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணிநேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்கான மின்னூட்டம் இருக்கும்.

நேரத்தை யார் சொல்வது?

பேட்டரி நன்றாக இருந்தும் நேரம் பிசகுவதுண்டு. கணினி தன் நேரத்தை இணையத்தில் உள்ள நேரச் சர்வர்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். டேவிட் மில்ஸ் 1980களில் உருவாக்கிய என்டிபி என்ற நெறிமுறை இதற்குப் பயன்படுகிறது. வழக்கமாக இது சான்றிதழ்களை நம்பி இயங்குவதில்லை. அது பெரிய வசதி. இல்லையென்றால் நேரம் சரியில்லாததால் சான்றிதழ் செல்லாது, சான்றிதழ் செல்லாததால் நேரத்தைக் கேட்க முடியாது என்ற சிக்கலில் கணினி மாட்டிக்கொள்ளும்.

ஆனால் விண்டோஸில் ஒரு வரம்பு உண்டு. வீட்டுக் கணினியில் வழக்கமான அமைப்பின்படி, உண்மை நேரத்துக்கும் கணினி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு 15 மணிநேரத்தைத் தாண்டினால் நேரச் சேவை தானாகத் திருத்தாது. தவறான சர்வர் ஒன்று கணினியைப் பல ஆண்டுகள் தள்ளிவிடாமல் இருக்கப் போட்ட காவல் அது. பேட்டரி தீர்ந்து ஆண்டுகள் பின்னால் போன கணினிக்கு இந்தக் காவலே தடையாகிறது. அப்போது தேதியையும் ஆண்டையும் கையால் சரிசெய்துவிட்டு, பிறகு “இப்போது ஒத்திசை” என்ற பொத்தானை அழுத்த வேண்டும்.

இத்தாலியின் அதிகாரப்பூர்வ நேரத்தைக் காப்பது தூரினோ நகரில் உள்ள இன்ரிம் என்ற தேசிய அளவையியல் நிறுவனம். அதன் அணுக்கடிகாரங்களோடு இணைந்த நேரச் சர்வர்களை யாரும் பயன்படுத்தலாம். இந்தியாவில் அந்தப் பணியைச் செய்வது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

இரு நேரங்கள் இருந்த நகரம்

சரியான நேரம் எது என்ற கேள்வி பலெர்மோவுக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நகரில் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கியது. அந்திப் பொழுதிலிருந்து இருபத்து நான்கு மணிநேரத்தை எண்ணுவது “இத்தாலிய நேரம்”. தமிழ் மரபில் சூரிய உதயத்திலிருந்து நாளை 60 நாழிகையாக எண்ணியதைப் போன்றது இது. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஆனால் உதயம் நாளுக்கு நாள் நகர்வதால் பத்தாம் நாழிகையும் நகரும். பலெர்மோவிலும் அப்படியே, பருவம் மாற மாற நண்பகல் வேறு வேறு மணியில் வந்தது.

பலெர்மோ அரண்மனையின் சாந்தா நின்ஃபா கோபுரத்தில் 1790-இல் வானாய்வகம் நிறுவிய ஜுசெப்பே பியாட்சி என்ற துறவி இதை மாற்ற வாதாடினார். அவர் 1798-இல் இத்தாலிய நேரத்தையும் நள்ளிரவிலிருந்து எண்ணும் ஐரோப்பிய நேரத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். 1801 ஜனவரி 1 இரவில் சீரிஸ் என்ற முதல் குறுங்கோளைக் கண்டுபிடித்தவரும் அவரே. அதே 1801-இல் பலெர்மோ தலைமைப் பேராலயத்தின் தரையில் நண்பகல் கோடு ஒன்றைப் பதித்தார். சிறு குவிமாடத்தின் துளை வழியே விழும் சூரிய ஒளிப்பொட்டு அந்தப் பித்தளைக் கோட்டைத் தொடும் கணம்தான் நண்பகல். கோட்டின் இருபுறமும் பளிங்கில் இழைத்த பன்னிரு இராசிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. நகரத்துக் கடிகாரங்கள் தங்களைத் திருத்திக்கொள்ள ஒரு பொது ஆதாரம் கிடைத்தது.

1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகமும் இதே பணியைச் செய்தது. அங்கே கணித்த சென்னை நேரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய இரயில்வேக்கு நேரமானது; 1906 ஜனவரி 1 அன்று இந்தியச் சீர்நேரம் வந்தது. ஒளிப்பொட்டும் பித்தளைக் கோடும் செய்ததை இன்று நேரச் சர்வர் செய்கிறது. தன் கடிகாரத்தைத் தானே நம்பாமல், வெளியே உள்ள ஒரு பொது ஆதாரத்தோடு ஒப்பிடுவதுதான் மூன்றிலும் உள்ள அறிவு.

நேர மண்டலக் குழப்பம்

சான்றிதழின் தேதிகள் எந்த நாட்டு நேரத்திலும் எழுதப்படுவதில்லை; அனைத்துலகச் சீர்நேரத்தில் எழுதப்படுகின்றன. கணினி தன் உள்ளூர் நேரத்திலிருந்து நேர மண்டலத்தைக் கழித்து அதைப் பெறுகிறது. யாழ்ப்பாணமும் சென்னையும் அந்தச் சீர்நேரத்துக்கு ஐந்தரை மணிநேரம் முந்தியவை. பலெர்மோ குளிர்காலத்தில் ஒரு மணிநேரமும் கோடையில் இரண்டு மணிநேரமும் முந்தியது.

ஊரிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் மண்டலத்தை மாற்றாமல், கடிகார முட்களை மட்டும் பலெர்மோ நேரத்துக்குத் திருப்பினால் என்ன ஆகும்? திரையில் நண்பகல் 12 மணி சரியாகவே தெரியும். ஆனால் கணினி அதிலிருந்து ஐந்தரை மணிநேரத்தைக் கழித்து, சீர்நேரம் காலை 6.30 என்று நம்பும். குளிர்காலத்தில் உண்மைச் சீர்நேரம் 11 மணி. நாலரை மணிநேரம் பின்தங்கிய அந்தக் கணினிக்கு, அன்று காலை புதுப்பித்த சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை. பிற்பகலில் அதே தளம் திறந்துவிடும். இப்படி வந்து வந்து மறையும் பிழை பேய்போலத் தோன்றினாலும் காரணம் நேர மண்டலமே. ஆகவே நேரத்தைப் பார்த்தால் போதாது. மண்டலம் ரோம் என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இன்னொரு பிசகு வரும். விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது; லினக்ஸ் சீர்நேரத்தை எழுதுகிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாறினால் பலெர்மோவில் ஒன்று அல்லது இரண்டு மணிநேரமும் சென்னையில் ஐந்தரை மணிநேரமும் பின்தங்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் தன் சான்றிதழ்களின் தொடக்கத்தை வழங்கும் நேரத்துக்கு ஒரு மணிநேரம் முன்னதாகக் குறிப்பது இப்படிப்பட்ட சிறு பிசகுகளைப் பொறுப்பதற்காகவே. இரு இயங்குதளங்களும் ஒரே முறையில் கடிகாரத்தைப் படிக்கும்படி ஒன்றை மாற்றினால் பிசகு தீரும்.

காலாவதியான வேர்

கடிகாரமும் மண்டலமும் சரி; இருந்தும் பல தளங்கள் திறக்கவில்லை. அப்போது பார்க்க வேண்டியது கணினியின் வயது.

தளத்தின் சான்றிதழில் ஓர் இடைநிலை நிறுவனம் கையொப்பமிட்டிருக்கும். அதன் சான்றிதழில் அதற்கும் மேலான நிறுவனம் கையொப்பமிட்டிருக்கும். இந்தச் சங்கிலியின் உச்சியில் இருப்பது வேர்ச் சான்றிதழ். நம்பத்தக்க வேர்களின் பட்டியல் கணினியிலோ பிரவுசரிலோ முன்கூட்டியே இருக்கும். வேர்களுக்கும் ஆயுள் உண்டு. இருபது ஆண்டு வாழ்ந்தாலும் ஒருநாள் முடியும்.

2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒரு வேர் முடிந்தது. டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற அந்த வேரின் கடைசி நிமிடம் சீர்நேரப்படி 14.01, பலெர்மோவில் மாலை 4.01, யாழ்ப்பாணத்தில் இரவு 7.31. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களைப் பழைய கருவிகள் இந்த வேரைக் கொண்டே நம்பிவந்தன. புதிய வேரான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 2035 வரை செல்லும். ஆனால் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத கணினிகளின் பட்டியலில் அது இல்லை. அந்த மாலையில் பழைய மேக் கணினிகளும் பழைய ஐபோன்களும் பல தளங்களைத் திறக்க மறுத்தன. 2020 மே 30 அன்று ஆட்டிரஸ்ட் என்ற வேர் முடிந்தபோதும் இதுவே நேர்ந்தது.

மருந்து இயங்குதளத்தைப் புதுப்பிப்பது. விண்டோஸ் தேவைப்படும் வேர்களை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து தானாக இறக்கிக்கொள்ளும். புதுப்பித்தலை முற்றாக முடக்கியிருந்தால் இந்த வழியும் அடைபடக்கூடும். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இலும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தன. இயங்குதளத்தைப் புதுப்பிக்க வழியில்லாத கணினியில் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் கைகொடுக்கும். அது வேர்களின் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது. ஆனால் பிரவுசருக்கும் வயதுண்டு. 2025 மார்ச் 14 அன்று ஃபயர்பாக்ஸின் சொந்த வேர் ஒன்று முடிந்ததால், 128-க்கு முந்தைய பதிப்புகளில் நீட்டிப்புகள் இயங்காமல் போகும் என்று மோசில்லா முன்கூட்டியே எச்சரித்தது.

நடுவில் நிற்பவை

சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவே நின்று, வரும் தரவைப் பிரித்துப் பார்த்து, தாமே தயாரித்த சான்றிதழைப் பிரவுசரிடம் நீட்டுகின்றன. அந்த மென்பொருளின் உள்வேர் காலாவதியானால் எல்லாத் தளங்களும் காலாவதியானவையாகத் தெரியும். எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் யார் என்ற வரியைப் படித்தால் உண்மை புலப்படும். அங்கே வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயர் இருந்தால், அதைப் புதுப்பிக்கலாம் அல்லது பாதுகாப்பான இணைப்புகளை ஆராயும் அதன் வசதியை அணைக்கலாம். அறியாத ஒரு பெயர் இருந்தால் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. தீய மென்பொருள் குடிபுகுந்திருக்கலாம்.

விமான நிலையம், உணவகம் போன்ற இடங்களின் வைஃபை முதலில் தன் அனுமதிப் பக்கத்தைக் காட்ட முயலும்போதும் சான்றிதழ்ப் பிழை வரும். அனுமதி பெற்றதும் அது நின்றுவிடும். வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கம் தனக்குத்தானே கையொப்பமிட்ட சான்றிதழையே வைத்திருக்கும். அங்கே வரும் எச்சரிக்கை வெளி உலகத் தளங்களைப் பாதிக்காது.

இத்தாலியில் சுகாதார அட்டையின் சில்லிலும் ஒரு சான்றிதழ் உண்டு. அட்டையைப் படிப்பானில் செருகி அரசுச் சேவைகளுக்குள் நுழையலாம். அட்டையின் ஆயுள் வழக்கமாக ஆறு ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது வதிவிட அனுமதியின் காலத்தோடு பிணைந்தது. எல்லாத் தளங்களும் திறந்து, அட்டையைச் செருகும்போது மட்டும் பிழை வந்தால் அட்டையின் முகப்பில் உள்ள முடிவுத் தேதியைப் பார்க்க வேண்டும். புதிய அட்டையால் மட்டுமே அது தீரும்.

தளமே தவறியபோது

பெரிய நிறுவனங்களும் தவறியதுண்டு. 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் பிரிட்டனின் ஓ2 வலையமைப்பில் கோடிக்கணக்கானோர் கைபேசித் தரவுச் சேவையை இழந்தனர். 2020 பிப்ரவரி 3 அன்று இதே காரணத்தால் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சில மணிநேரம் முடங்கியது. இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியது காத்திருப்பதும், முடிந்தால் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவிப்பதும்தான்.

செய்யும் வரிசையும் செய்யக் கூடாதவையும்

எச்சரிக்கை வந்தால் முதலில் திரையின் மூலையில் உள்ள தேதி, ஆண்டு, நேரம் மூன்றையும் கைபேசியோடு ஒப்பிட வேண்டும். அடுத்து நேர மண்டலம். அதன்பின் வேறு தளங்களிலும் வேறு கருவியிலும் சோதனை. நேரம் பிசகியிருந்தால் திருத்தி, ஒத்திசைத்து, மறுநாள் காலை பயாஸ் திரையில் சரிபார்க்க வேண்டும். மறுபடி பிசகியிருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். நேரம் சரியாக இருந்தால் இயங்குதளத்தையும் பிரவுசரையும் புதுப்பிக்க வேண்டும். பிறகும் தீராவிட்டால் சான்றிதழை வழங்கியவர் பெயரைப் படிக்க வேண்டும்.

எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் இணைப்பை அழுத்துவது மருந்தாகாது. வங்கிகள் போன்ற பல தளங்களில் அந்த இணைப்பே இருக்காது. தாண்ட விடாதே என்று அவை பிரவுசருக்கு முன்பே சொல்லி வைத்திருக்கும். காலாவதியான சான்றிதழைச் செல்ல வைக்கக் கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளுவது இன்னும் கெடுதல். திருடு போய் ஆயுள் முடிந்த பழைய சான்றிதழ்களும் அந்தக் கணினியில் உயிர்பெற்றுவிடும். யாரோ அனுப்பிய வேர்ச் சான்றிதழை நிறுவுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

பொய் எச்சரிக்கையைத் தினமும் தள்ளிவிட்டுப் பழகிய விரல், உண்மையான மோசடிப் பக்கத்திலும் அதே பொத்தானை அழுத்தும். ஆகவே திரும்பத் திரும்ப வரும் இந்தப் பிழையை அதன் காரணத்தோடு அகற்றுவது அவசியம். பெரும்பாலான வீடுகளில் அதற்கு ஆகும் செலவு ஒரு நாணயப் பேட்டரியின் விலை. கடிகாரம் சரியாக ஓடும் கணினியில் காலாவதி எச்சரிக்கை அரிதாகவே வரும்; அப்படி வரும் ஒன்றை நம்பலாம்.